எண்பத்தைந்து சதவீத இதம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சென்னியப்பனின் குரலை வீடு மாற்றியாக வேண்டும். ஐந்தாகி ஒரு நிமிடம் ஆனாலும் போச்சு. அதற்கப்புறம் மனிதர் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

அவர் மனைவி கோகிலவாணி காலை ஒன்பது மணிக்கே மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருஷம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் அவள். விசிலை வாயில் வைத்தால் அறுநூறு பிள்ளைகள் ஒரே கோட்டில் நிற்பார்கள். இந்தக் கருப்புத் திரை மட்டும் அவளுக்கு அடங்க மாட்டேன் என்றது. அதன் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மினுக் மினுக்கென்று கண்ணடித்துக்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். மூன்றரை வருஷத்துக்கு முன் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்த சென்னியப்பன் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் போகவில்லை, அதுதான் கொடுமை. பஸ் டிப்போவில் போர்மேனாக இருந்து நாற்பது மெக்கானிக்குகளை விரட்டி விரட்டி வேலை வாங்கியவர், தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட வழியில்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இடது கையால் எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். எழுத்தும் வரவில்லை. பேசுகிற இடமும் எழுதுகிற இடமும் மண்டைக்குள் அக்கம்பக்கம் என்றார் டாக்டர்.

அப்போது கைகொடுத்தது மறுகுரல் என்ற கம்பெனி. மண்டை ஓட்டுக்கு அடியில் தபால்தலை அளவுக்கு ஒரு கம்பிவலை. கழுத்தில் ஒரு பட்டை, அதில் சட்டைப் பொத்தான் அளவு ஒலிபெருக்கி. அவர் பேச நினைப்பதை வலை பிடித்து எங்கேயோ இருக்கிற பெரிய கணினிகளுக்கு அனுப்பும். அங்கே அது வாக்கியமாகி, அவருடைய பழைய குரலிலேயே பட்டைக்குத் திரும்பி வரும். போக ஒரு நொடி, வர ஒரு நொடி. முதல்முறையாகப் பட்டையிலிருந்து அந்தக் குரல் வந்த அன்று, கோகிலவாணி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதாள்.

இப்போது அந்தக் கம்பெனி கடையைக் கட்டுகிறது. மூன்று வாரத்துக்கு முன் கடிதம் வந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் குரல்கோப்பைச் சொந்தமாக ஒரு கிளவுட் கணக்கு திறந்து அதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆப்பும் வெப்சைட்டும் ஏற்கெனவே நின்றுவிட்டன. கட்டளை அடித்து வேலை வாங்குகிற ஒரு கருவியைக் கணினியில் நிறுவி, அதன் வழியாக மட்டுமே மாற்ற முடியும். கடைத்தெருவில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர்காரரிடம் கடிதத்தைக் காட்டினாள். மனுஷன் விவகாரமுங்க, நாங்க கைவைக்க மாட்டோமுங்க என்று கும்பிடு போட்டுவிட்டார். இது மின்கட்டணம் கட்டித் தருகிற வேலை இல்லையே. அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரே பாட்டு, ஒரே 'காத்திருக்கவும்'. மதியம் இரண்டு மணிக்குத்தான் ஒரு மனிதக் குரல் கிடைத்தது.

பெயர் ஜெனிட்டா, தூத்துக்குடிப் பெண். பன்னிரண்டு பேர் இருந்த உதவிப் பிரிவில் மிச்சம் அவள் ஒருத்திதான் என்றாள். மேடம் என்று ஆரம்பித்தவள் ஐந்து நிமிடத்தில் அக்காவுக்கு வந்துவிட்டாள்.

"இதுல பட்டன் கிட்டன் எதுவும் கிடையாது, அக்கா. நீங்க ஒரு வரி அடிச்சு எண்டர் தட்டுனா, சொன்னதை அப்படியே செய்யும். தப்பா சொன்னாலும் அப்படியே செய்யும். அதனால நான் ஒவ்வொரு எழுத்தா சொல்லுதேன், நீங்க திருப்பிப் படிச்சுக் காட்டிட்டுத் தட்டுங்க."

கோகிலவாணிக்கு அது பிடித்திருந்தது. கட்டளை போடுவது அவளுக்குப் புதுசா என்ன? அட்டென்ஷன் என்றால் நிமிரணும், ஸ்டாண்ட் அட் ஈஸ் என்றால் தளரணும். இந்தக் கருவியும் அந்த ரகம்தான் என்று தெரிந்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கருவியை இறக்கி நிறுவவே முக்கால் மணி நேரம் ஓடியது. பிறகு அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. முதலில் அடையாளச் சாவி, அடுத்து ரகசியச் சாவி. ரகசியச் சாவியை ஒரே ஒரு தடவைதான் காட்டுவார்கள் என்பதால், கிளவுட் கணக்கு திறந்த புதன்கிழமையே அவள் அதைப் பார்த்துப் பார்த்து ஒரு பழைய வருகைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தாள். நாற்பது எழுத்துகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல். மூன்றாவது கேள்வி, எந்த ஊர்க் கணினிக்கூடம் என்பது. பக்கத்தில் எது என்று ஜெனிட்டா கேட்டதற்கு மும்பை என்று அதுவே காட்டுகிறது என்றாள். சரி, அதையே கொடுங்க என்று ஜெனிட்டாவும் சொன்னாள்.

எல்லாம் கொடுத்தாயிற்று. சென்னியப்பனின் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்கும் கட்டளையை அடித்தாள். எண்டர் தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. வெள்ளைக் கோடு அடுத்த வரிக்கு இறங்கி மறுபடி கண்ணடித்தது, அவ்வளவுதான்.

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். சென்னியப்பன் சக்கர நாற்காலியில் அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இடது கை முஷ்டியால் நாற்காலிப் பிடியைத் தட்டிக்கொண்டிருந்தார். பட்டை மட்டும் தேன் மாதிரிப் பேசியது. "சிரமமா இருந்தா விட்டுடும்மா. எனக்கு ஒண்ணும் குறையில்ல."

கை ஒன்று சொல்லிற்று, குரல் ஒன்று சொல்லிற்று. இது புதுசில்லை. பட்டை மாட்டிய நாளிலிருந்தே அப்படித்தான். முஷ்டியால் தட்டுவது, தலையை உதறுவது எல்லாம் நரம்புக் கோளாறு, அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள், குரலை மட்டும் நம்புங்கள் என்று மறுகுரல்காரர்கள் பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். முதல் ஐந்தாறு மாதம் அவர் முரட்டுத்தனமாகத் தட்டினார். அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. குணமாகி வருகிறது என்று அவளும் சந்தோஷப்பட்டாள்.

"ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது, கண்ணு. போயிருச்சா?" என்று போனில் கேட்டபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

ஜெனிட்டா எதையோ தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, போகவில்லை என்றாள். அவருடைய கோப்பை முதல் வருஷத்திலிருந்தே ஹைதராபாத் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். மும்பைக்குப் போய்க் கேட்டால் இங்கே அப்படி யாரும் இல்லை என்றுதான் சொல்லும், அடுத்த ஊரில் இருக்கலாம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தானும் கவனிக்காமல் சரி என்று சொல்லிவிட்டதாக அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். ஊரை மாற்றி அதே கட்டளையை மறுபடி அடித்ததும் திரையில் மூன்று வரிகள் விழுந்தன. குரல், அமைப்பு, பதிவேடு.

கோகிலவாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மணி மூன்றரை.

நகல் எடுக்கும் கட்டளை போட்டாயிற்று. கோப்பு பெரிது, முடிய ஐம்பது நிமிஷம் ஆகும். நான்கு சதவீதம், ஐந்து சதவீதம் என்று எண் ஊர்ந்துகொண்டிருந்தது. அதுவரை அமைப்பில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்றாள் ஜெனிட்டா. கோகிலவாணி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஆண் குரல். கொங்குப் பேச்சு. வேகம் நடுத்தரம். இதம் எண்பத்தைந்து சதவீதம்.

"இதம்னா என்ன கண்ணு? ஒலி குறைக்கறதா?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இவள் இரண்டு தடவை ஹலோ சொன்னாள்.

"இருக்கேன், அக்கா," என்றாள் ஜெனிட்டா. "அந்த வரிய யாராவது கேட்டா, ஒலியோட தரம்னு சொல்லச் சொல்லி எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. ஆனா இன்னைக்கு அஞ்சு மணியோட எனக்கும் வேலை போவுது. இனி யாருக்குப் பயந்து பொய் சொல்ல?"

அவள் சொன்னது இதுதான். ஆரம்பத்தில் பட்டை, நினைத்ததை நினைத்தபடியே பேசியது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கோபம் அதிகம் வரும். குடும்பத்தார் நொந்துபோனார்கள், பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கம்பெனிக்குக் கவலை வந்தது. பேச்சு வெளியே வருவதற்கு முன் அதைக் கொஞ்சம் நயமாக்குகிற ஒரு அடுக்கைச் சேர்த்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு எது பிடிக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் ஒவ்வொரு சாயங்காலமும் கைப்பேசியில் ஒரு கேள்வி வந்தது: இன்றைய உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம்? நிறைய நட்சத்திரம் வாங்கிய வாக்கியத்தை அது மனப்பாடம் செய்துகொண்டது. குறைவாக வாங்கியதை விட்டுவிட்டது. அவர் நினைத்தது ஒரு வரி, பட்டை சொன்னது ஒரு வரி என்று இரண்டையும் பதிவேட்டில் தேதி போட்டு எழுதி வைத்தது.

"எத்தனை நட்சத்திரம் போடுவீங்க, அக்கா?"

கோகிலவாணி ஒருநாள் தவறாமல் போட்டவள். மார்க் போடுவது அவளுக்குக் கைவந்த பழக்கம். நீளம் தாண்டுதலுக்கு இத்தனை, அணிவகுப்புக்கு இத்தனை என்று காலமெல்லாம் போட்ட கை அது. சென்னியப்பன் சிடுசிடுத்த ஆரம்ப நாட்களில் இரண்டு, ஒன்று என்று கறாராகப் போட்டாள். நயமாகப் பேசிய நாட்களில் ஐந்துக்கு ஐந்து. அவரைத் தேற்றிக் கொண்டுவருவதாக நினைத்தாள்.

"எண்பத்தஞ்சு கம்பெனி வச்சது இல்ல," என்றாள் ஜெனிட்டா தயங்கியபடி. "எங்க ஆரம்ப அளவு இருபதுதான். மீதி உங்க வீட்டு மார்க்குல ஏறுனது."

சென்னியப்பன் நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அவருடைய முஷ்டி நின்றுபோயிருந்தது.

பட்டை பேசியது. "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப. நீ நல்லாத்தான் பாத்துக்கற."

முதல்முறையாக அந்த வாக்கியத்தைக் கேட்டு அவளுக்கு உடம்பு கூசியது. இதை யார் சொல்கிறார்? இவரா, தன்னுடைய நட்சத்திரங்களா?

எழுந்து போய்ப் பட்டையின் ஒலியை நிறுத்தினாள். அவர் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். மைதானத்தில் எந்தப் பிள்ளைக்குக் கால் சுளுக்கு, எந்தப் பிள்ளை நடிக்கிறது, எது வீட்டில் அடிவாங்கிவிட்டு வந்திருக்கிறது என்று முப்பதடி தூரத்தில் நின்றே சொல்லுவாள் அவள். உடம்பைப் படித்துச் சம்பளம் வாங்கியவள். தன் வீட்டு மனிதரின் உடம்பை மட்டும் மூன்று வருஷமாகப் படிக்காமல் விட்டுவிட்டாள்.

"நான் கேக்கறதுக்குத் தலைய மட்டும் ஆட்டுங்க. அந்தப் பதிவேட்டுல நீங்க நினைச்சதும் பட்டை சொன்னதும் ரெண்டும் இருக்குதாம். ஒரே ஒரு நாளு மட்டும் பாக்கட்டுங்களா? ஜூன் மூணாந்தேதி."

எந்த நாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண்கள் அகலமாயின. தலை அழுத்தமாக மேலும் கீழும் அசைந்தது.

அது அவள் வேலையை விடலாமா என்று அவரிடம் கேட்ட நாள். அந்த வருஷம் அவளுடைய கபடி அணி மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. பயிற்சிக்குக் காலையும் மாலையும் போயாக வேண்டும். போவதா, ராஜினாமாக் கடிதம் கொடுப்பதா என்று இரண்டு வாரம் தூக்கமில்லாமல் தவித்துவிட்டு, கடைசியில் அவரிடமே கேட்டாள். அவர் சொன்ன பதில் அவளுக்கு இன்றைக்கும் வரி பிசகாமல் நினைவிருந்தது. மறுநாளே கடிதத்தைக் கொடுத்துவிட்டாள். விடைபெறும்போது பள்ளியில் கொடுத்த மடிக்கணினிதான் இப்போது மேசையில் இருப்பது.

ஜெனிட்டா எழுத்தெழுத்தாகச் சொல்ல, தேதியைப் போட்டுத் தேடும் கட்டளையை அடித்தாள். திரையில் இரண்டு வரிகள் வந்தன.

சொன்னது: வேலைய விட்டுட்டு நீ பக்கத்துலயே இருந்தா எனக்கு நிம்மதிம்மா.

நினைத்தது: வேலைய விட்டுப்போட்டு இங்க வந்து உக்காராத வாணி. நான் என்ன பொணமா, காவல் காக்க? புத்தி கெட்டவளே, போ. கிரவுண்டுக்குப் போ.

கோகிலவாணி அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்துகள் கலங்கின. அவளை அதட்டியிருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தானே, காய்ச்சல் வந்தால்கூட மாத்திரைய முழுங்கித் தொலை என்றுதான் தருவார். அந்தத் திட்டில் இருந்த அக்கறை முழுவதையும் இயந்திரம் வழித்தெடுத்துப் போட்டுவிட்டு, சர்க்கரைப் பாகை ஊற்றி அனுப்பியிருக்கிறது. வேலைக்குப் போ என்று கத்திக் கத்திப் பார்த்திருக்கிறார். கத்திய ஒவ்வொரு தடவையும் பக்கத்திலேயே இரு என்று வெளியே கேட்டிருக்கிறது. அதைத் தன் காதாலேயே கேட்டுக்கொண்டு, முஷ்டியால் நாற்காலியைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்றைக்கும் அவள் ஐந்து நட்சத்திரம் போட்டாள்.

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

சிறிது நேரத்துக்குப் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டில் மீதி எத்தனை இருக்கும் என்று கேட்டாள். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் என்றாள் ஜெனிட்டா. அது அவர் சொத்து, அவர் படிக்கச் சொன்னால் ஒழிய அதைத் தொட மாட்டேன் என்று கோகிலவாணி அவரைப் பார்த்தே சொன்னாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

நகல் நூறைத் தொட்டபோது மணி நான்கு இருபத்தைந்து. இனி ஒரே ஒரு கட்டளைதான் பாக்கி. புதிய இடத்தில் குரலை எழுப்பும் கட்டளை. அதில்தான் சங்கடமே. முதல்முறை எழுப்பும்போது இதத்துக்கு என்ன எண் கொடுக்கிறோமோ, அதோடு அது இறுகிவிடும். பின்னால் மாற்ற வேண்டுமானால் கம்பெனியின் கணினி வேண்டும், அது ஐந்து மணிக்கு அணைந்துவிடும்.

"எல்லாரும் எவ்வளவு வைக்கறாங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"உங்களையும் சேத்து மூணு பேருதான் அந்த வரியப் பத்திக் கேட்டிருக்கீங்க, அக்கா. ஒருத்தர் அப்படியே இருக்கட்டும்னு சொன்னாரு. இன்னொருத்தர் தொண்ணூத்தஞ்சாக்கித் தரச் சொன்னாரு."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தொண்ணூற்றைந்துக்காரர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரணும்? அவளுக்கும் பிடித்துத்தானே இருந்தது. சாதம் பிசைந்து ஊட்டினால் ருசியா இருக்கும்மா என்கிற குரல். புடவை மாற்றிக்கொண்டு வந்தால் நல்லாருக்கு என்கிற குரல். முப்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வராத வார்த்தைகள் எல்லாம், வாயே போன பிறகு வரிசையாக வந்தன. இவ்வளவு அன்பை உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை காலம் கடுகடுத்தார் என்று எத்தனை நாள் பூரித்துப்போயிருக்கிறாள். அந்த மனிதரை இப்போது தன் கையால் அனுப்பி வைக்க வேண்டும். வலிக்கத்தான் செய்தது.

கட்டளையை அடித்தாள். இதம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டாள். எண்டருக்கு விரல் போகும்போது ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள்.

சென்னியப்பன் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்கிறார்.

இது நரம்புக் கோளாறு இல்லை. இனி அப்படி நினைக்க அவள் தயாராக இல்லை. நாற்காலியோடு அவரை மேசைக்குத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினாள்.

"எம் மனசு நோகும்னு பாக்கறீங்களா?"

ஆமாம் என்று தலை அசைந்தது.

"எனக்கு அந்த இனிப்பு புடிச்சிருந்துச்சுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுகூடக் குடித்தனம் பண்ண நான் கழுத்த நீட்டல. திட்டுனாலும் நீங்களே திட்டுங்க. நோகட்டும், பரவால்ல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மடிக்கணினியை அவருடைய இடது கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.

"இது உங்க குரல். நான் அமுக்கக் கூடாதுங்க. மூணு வருஷமா நான்தான் அமுக்கிட்டு இருந்திருக்கேன், போதும். வேணும்னா நீங்க அமுக்குங்க. எண்பத்தஞ்சே இருக்கட்டும்னா அந்தக் கையத் தூக்காதீங்க, நானே மாத்திப் போடறேன்."

ஜெனிட்டா மெல்ல நேரம் சொன்னாள். நான்கு முப்பத்தெட்டு. தெருவில் பள்ளி வேன் ஒன்று வந்து நின்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. நான்கு நாற்பத்தைந்து என்றாள் ஜெனிட்டா, இப்போது கொஞ்சம் பதற்றமாக. கோகிலவாணி அவரை அவசரப்படுத்தவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்கு ஐம்பதுக்கு அவர் இடது கையைத் தூக்கினார். விரல் முதலில் தவறான விசையில் இறங்கப் பார்த்து, விலகி, பிறகு எண்டரின் மேல் வந்து அழுந்தியது.

திரையில் வரிகள் சரசரவென்று ஓடின. கடைசியில் ஒரு வரி நின்றது. ஓடுகிறது என்று அர்த்தம், கும்புடுங்க அக்கா, வந்துருச்சு என்றாள் ஜெனிட்டா. கோகிலவாணி பட்டையின் ஒலியைத் திருப்பி வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனி எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக் கோபம், ஒரு நாளில் தீராது. அத்தனையும் அவளுக்கு உரியதுதான், ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பட்டை கரகரத்தது. அவருடைய பழைய, முரட்டுக் குரல்.

"வாணி."

"சொல்லுங்க."

"எனக்குப் பயமா இருக்குது."

இந்தச் சொல்லை அவரிடமிருந்து அவள் கேட்டதே இல்லை. பக்கவாதத்துக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

"தெனமும் பயமா இருக்குது. வௌக்க அணைச்சதும் வந்துருது. மூணு வருஷமா ஒவ்வொரு நாளும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கேன். நீ சிரிச்சுக்கிட்டே போர்வைய இழுத்து உட்டுட்டுப் போயிடற."

நல்லா தூங்கும்மா. தினமும் விளக்கை அணைக்கும்போது பட்டை அவளிடம் சொன்னது அதுதான். அவளும் நீங்களும் தூங்குங்க என்று சிரித்துவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எத்தனை நாள்? ஆயிரம் நாளுக்கு மேல் இருக்கும்.

ஒண்ணும் ஆகாதுங்க, நான் இருக்கேன் இல்ல என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலமெல்லாம் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதுதான். அவள் அதை அப்படியே விழுங்கினாள். போனில் ஜெனிட்டா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் வச்சிடுதேன் அக்கா, நீங்க பேசுங்க என்றாள். இணைப்பு அறுந்தது.

கோகிலவாணி தன் நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். அவருடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"எதுக்குப் பயம்? மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள்.